வேடமும் விலையும்



ஆண் பெண்ணுடை உடுத்தியும், பெண் ஆணுடை உடுத்தியும் எடுத்துக்கொண்ட கலைப்படங்கள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக விற்பனையில் இருக்கின்றன. ஊரே திரண்டு வாங்கும் பண்டம் அல்ல அது. தேடி வருகிற சிலருக்காக எடுக்கப்பட்டு, தேடி வருகிற சிலரிடம் விற்கப்படுவது. அந்தச் சிறு சந்தை எப்படிப் பிறந்தது, எப்படி ஒளிந்து வாழ்ந்தது, எந்த வழியாக அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தது என்பதே இந்தச் சொற்பொழிவின் பொருள்.

இந்த வரலாற்றில் எந்தக் காலத்தை எடுத்தாலும் நான்கு பேர் நிற்கிறார்கள். படத்தில் நின்றவர், படம் எடுத்தவர், விற்றவர், வாங்கியவர். எடுத்தவருக்குப் பெயர் கிடைத்தது. விற்றவருக்குப் பணம் கிடைத்தது. வாங்கியவருக்குப் படம் கிடைத்தது. நின்றவருக்கு? அவருக்கு என்ன கிடைத்தது? உடையைத் தேடிப் பிடித்தவர் அவர். முகத்தை ஒப்பனை செய்தவர் அவர். எப்படி நிற்பது, எங்கே பார்ப்பது என்று பல இரவுகள் கண்ணாடி முன் பழகியவரும் அவரே. கலையில் பாதி அவருடையது. அந்தப் பாதிக்கு உரிய இடம் எங்கே கிடைத்தது, எங்கே மறுக்கப்பட்டது என்பதுதான் இந்தச் சந்தையின் உண்மையான வரலாறு.

தொடங்கும்முன் ஒரு தெளிவு வேண்டும். எதிர்பாலின உடை அணிகிற எல்லோரும் திருநங்கையரோ திருநம்பியரோ அல்லர். மேடைக்காக உடுத்துவோர் உண்டு. வாரத்தில் ஒரு மாலை மட்டும், மன நிறைவுக்காக உடுத்தும் குடும்பஸ்தர்கள் உண்டு. அந்த உடையிலேயே தம் உண்மையான வாழ்வைக் கண்டுகொண்டவர்களும் உண்டு. பழைய படம் ஒன்றைக் கையில் எடுத்தால், அதில் நிற்பவர் இவர்களில் யார் என்று பெரும்பாலும் சொல்ல முடியாது. படம் உடையைக் காட்டும், உள்ளத்தைக் காட்டாது.

சந்தை பிறந்தது பாரிஸில். 1854ஆம் ஆண்டு ஆந்த்ரே அடால்ஃப் யூஜின் டிஸ்டெரி என்ற புகைப்படக்காரர் ஒரு காப்புரிமை பெற்றார். ஒரே கண்ணாடித் தகட்டில் பல சிறு படங்களை எடுத்து, காகிதத்தில் அச்சிட்டு, வெட்டி, விசிட்டிங் கார்டு அளவுள்ள அட்டையில் ஒட்டிக் கொடுக்கும் முறை அது. அதற்குமுன் இருந்த டாகுரோடைப் முறையில் ஒரு தகட்டுக்கு ஒரே படம். நகல் என்ற பேச்சே கிடையாது. டிஸ்டெரியின் முறையில் நகல் எத்தனை வேண்டுமானாலும் போடலாம், விலையும் மலிவு. 1860களில் ஐரோப்பாவே இந்த அட்டைப் படங்களுக்கு அடிமையானது. அரச குடும்பத்தார் படம், பாதிரியார் படம், நடிகை படம் எனக் கடைச் சன்னல்களில் வரிசையாக வைத்து விற்றார்கள். அந்த வரிசையில் பெண் வேடமிட்ட ஆண்களும் இடம் பிடித்தார்கள்.

அவர்களில் இருவரின் கதை நின்று கேட்கத்தக்கது. எர்னஸ்ட் போல்டன், ஃபிரெடரிக் பார்க் என்ற இரண்டு லண்டன் இளைஞர்கள் ஸ்டெல்லா, ஃபேனி என்ற பெயர்களில் பெண் வேடமிட்டவர்கள். 1860களின் இறுதியில் சிற்றூர் மேடைகளில் நடித்தார்கள். செல்ம்ஸ்ஃபோர்டில் ஃபிரெடரிக் ஸ்பால்டிங் என்பவரும், ஸ்கார்பரோ என்ற கடற்கரை ஊரில் ஆலிவர் சரோனி என்பவரும் அவர்களைப் படம் எடுத்தார்கள். நாடகம் பார்த்தவர்கள் அந்தப் படங்களை நினைவுப்பொருளாக வாங்கினார்கள். யாரும் குற்றம் சொல்லவில்லை.

1870ஆம் ஆண்டு ஏப்ரல் 28 அன்று, லண்டன் ஸ்டிராண்ட் தியேட்டரை விட்டுப் பெண்ணுடையில் வெளியே வந்தபோது அந்த இருவரும் கைது செய்யப்பட்டார்கள். அவர்களின் அறையைப் போலீசார் சோதனையிட்டார்கள். உடைகள், கடிதங்கள், புகைப்படங்கள் எல்லாம் போயின. மேடையில் கைதட்டு வாங்கிய அதே வேடம், தெருவில் குற்றமாயிற்று. கடையில் நினைவுப்பொருளாக இருந்த படம், நீதிமன்றத்தில் சான்றுப்பொருளாயிற்று. படம் மாறவில்லை, அது இருந்த இடம் மாறியது. 1871 மே மாதம் ஜூரியினர் இருவரையும் விடுவித்தார்கள். போல்டன் பிறகு அமெரிக்கா சென்று மேடையில் நடித்தார். அங்கே நியூயார்க்கில் அவரைப் படம் எடுத்தவர் நெப்போலியன் சரோனி; ஸ்கார்பரோ சரோனியின் உடன்பிறந்தவர்.

மேடை என்ற குடை இருக்கும் வரை இந்த வணிகத்துக்கு அச்சமில்லை என்பதை அடுத்த தலைமுறை நன்றாகப் புரிந்துகொண்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் படத் தபாலட்டைகளின் பொற்காலம். இங்கிலாந்தில் வெஸ்டா டில்லி என்ற நடிகை கோட்டும் தொப்பியும் அணிந்து இளைஞராக மேடையேறினார். அவருடைய தபாலட்டைகளை ஆண்களும் வாங்கினார்கள், பெண்களும் வாங்கினார்கள். அமெரிக்காவில் ஜூலியன் எல்டிங் பெண் வேடத்தில் கொடிகட்டிப் பறந்தார். 1912இல் நியூயார்க்கின் 42ஆம் தெருவில் ஒரு தியேட்டருக்கே அவர் பெயர் சூட்டப்பட்டது. அழகுக் குறிப்புகள் அடங்கிய பத்திரிகை ஒன்று அவர் பெயரில் வந்தது. அதை வாங்கியவர்கள் பெண்கள். எல்டிங்கின் விளம்பரப் படங்களில் ஒரு நுட்பம் உண்டு. பட்டுடுத்திய பெண்ணாக ஒரு படம், பக்கத்திலேயே கோட்டு அணிந்த ஆணாக ஒரு படம். இது வெறும் வேடம்தான், வீட்டில் இவர் முழு ஆண்மகன் என்று வாங்குபவருக்கு உறுதி சொல்லவே அந்த இரண்டாவது படம். அந்த உறுதிமொழி இல்லாமல் சரக்கு விலைபோகாது என்பது அவருக்குத் தெரியும்.

இதில் தமிழ்ச் செவிக்குப் புதுமை ஏதும் இல்லை. ஸ்திரீபார்ட் போட்ட ஆண்களை நம்முடைய நாடகக் கொட்டகைகள் கொண்டாடியிருக்கின்றன. 1935இல் வந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராகவே நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். மேடையில் நிற்கிற வேடத்துக்கு மரியாதை எங்கும் உண்டு. மேடையை விட்டு இறங்கிய வேடத்துக்குத்தான் எங்கும் சிக்கல்.

முதல் உலகப் போரில் இன்னொரு வகைப் படம் பெருகியது. போர்க்கைதி முகாம்களில் கைதிகள் நாடகக் குழு அமைத்தார்கள். பெண்கள் இல்லாத இடத்தில் சிப்பாய்களே பெண் வேடமிட்டார்கள். அந்தப் படங்கள் தபாலட்டைகளாக அச்சாகி வீடுகளுக்குப் போயின. இன்று பழம்பொருள் சேகரிப்போர் மிகவும் விரும்பித் தேடும் படங்களில் அவையும் அடங்கும்.

இதுவரை சொன்னவை கடைச் சரக்கு. கலைச் சரக்காக இந்தப் படம் எப்போது மாறியது? அதற்கும் ஒரு பெயரும் ஆண்டும் உண்டு. 1921இல் மார்செல் டூஷாம்ப் என்ற ஓவியர், ரோஸ் செலாவி என்ற பெண் பெயரில், தொப்பியும் மேலாடையும் அணிந்து நின்றார். படம் எடுத்தவர் மேன் ரே. அந்தப் படம் ஒரு வாசனைத் திரவியப் புட்டியின் லேபிளாக ஒட்டப்பட்டது. அந்தப் புட்டி 2009இல், ஆடை வடிவமைப்பாளர் ஈவ் செயின்ட் லாரன் சேகரிப்பின் ஏலத்தில், பாரிஸில் 89 லட்சம் யூரோவுக்கு விலைபோனது. அதே மேன் ரே 1926இல் பார்பெட் என்ற கயிற்றாட்டக் கலைஞரைப் படம் எடுத்தார். பார்பெட் டெக்சாஸில் பிறந்த ஆண். பெண்ணாக அந்தரத்தில் ஆடி, முடிவில் விக்கைக் கழற்றிக் காட்டுபவர். கவிஞர் ஜான் காக்தோ அவரைப் பற்றிக் கட்டுரையே எழுதினார். எடுத்தவரின் பெயர் கலைஞர் என்று நிலைத்துவிட்டால், வேடப் படமும் கலையென்று விலைபோகும். இந்தச் சந்தையின் இரண்டாவது குடை அதுதான்.

வாழ்நாளில் அந்தக் குடைக்குள் வராமலே போனவர் க்ளோத் கஹுன். ஆணாகவும் பெண்ணாகவும் இரண்டும் அல்லாமலும் தம்மையே நிறுத்தி, துணைவி மார்செல் மூருடன் சேர்ந்து, 1910களிலிருந்து படங்கள் எடுத்தார். பெரும்பாலானவை விற்பனைக்கு வரவேயில்லை. ஜெர்சி தீவில் நாஜிகளை எதிர்த்துத் துண்டறிக்கை விநியோகித்து, மரண தண்டனை விதிக்கப்பட்டு, அது நிறைவேறாமல் தப்பியவர்கள் அந்த இருவர். கஹுன் இறந்தது 1954இல். கலையுலகம் அவரைக் கண்டுகொண்டது 1980களில். இன்று பல நாட்டு அருங்காட்சியகங்கள் அவர் படங்களைப் பார்வைக்கு வைக்கின்றன.

இனி, மேடையும் இல்லை, புகழ்பெற்ற கலைஞரும் இல்லை என்றால்? சாதாரண மனிதர், தம்மைப் போன்ற சாதாரண மனிதருக்காக இந்தப் படங்களை வெளியிட நினைத்தால்? அந்த முயற்சிக்கும் வரலாறு உண்டு. அது பெர்லினில் தொடங்குகிறது. மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்டு என்ற மருத்துவர் 1910இல் எதிர்பாலின உடை அணிவோர் பற்றித் தனி நூலே எழுதியவர்; 1919இல் பாலியல் ஆய்வு நிறுவனம் ஒன்றைத் தொடங்கியவர். அந்தச் சூழலில், 1930 முதல் 1932 வரை, ஃபிரீட்ரிஷ் ராட்சுவைட் என்ற பதிப்பாளர் ‘மூன்றாம் பால்’ என்ற பொருள்படும் பெயரில் ஓர் இதழ் நடத்தினார். வந்தவை 5 இதழ்கள் மட்டுமே. அவற்றில் எதிர்பாலின உடை அணிவோரின் படங்கள் அச்சாயின. வாங்குபவரும் படத்தில் நிற்பவரும் ஒரே கூட்டத்தார் என்ற நிலை அங்கே உருவாயிற்று. 1933 மே மாதம் நாஜி மாணவர்கள் ஹிர்ஷ்ஃபெல்டின் நிறுவனத்தைச் சூறையாடி, நூல்களைப் பொதுச் சதுக்கத்தில் போட்டு எரித்தார்கள். கருகியவற்றில் இந்த மக்களின் முகங்களும் இருந்தன.

மறுமுறை அந்த முயற்சி தலையெடுத்தது அமெரிக்காவில். வெர்ஜீனியா பிரின்ஸ் என்பவர் 1960இல் லாஸ் ஏஞ்சலிஸில் ‘டிரான்ஸ்வெஸ்டியா’ என்ற இதழைத் தொடங்கினார். முதலீடு 100 டாலர். 25 பேர் தலைக்கு 4 டாலர் போட்டுச் சேர்த்த பணம். சந்தாதாரர்கள் தங்கள் படங்களைத் தாங்களே அனுப்பினார்கள். முகம் தெரியும், பெயர் மட்டும் அவர்கள் தேர்ந்துகொண்ட பெண் பெயர். ஆபாசம் தபாலில் போகக்கூடாது என்ற 1873ஆம் ஆண்டுச் சட்டம் அமெரிக்காவில் அப்போதும் உயிரோடு இருந்தது. தாம் எழுதிய ஒரு தனிக் கடிதத்துக்காகவே பிரின்ஸ் தபால் துறையின் வழக்கில் சிக்கினார். கடிதத்துக்கே வழக்கு என்றால், படத்தை நம்பித் தபால் பெட்டியில் போடுவது எவ்வளவு பெரிய துணிச்சல்! அந்தத் துணிச்சலில்தான் இதழ் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்தது.

அந்த இதழில் எழுதியவர்களில் ஒருவர் சுசானா வாலென்டி. அவருடைய மனைவி மரீ, நியூயார்க்கில் விக் கடை நடத்தியவர். இருவருமாக நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் ஒரு விடுதி நடத்தினார்கள். முதலில் ஷெவாலியே தெயோன் என்ற பெயரில். அது ஆணாகவும் பெண்ணாகவும் வாழ்ந்த பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் தூதரின் பெயர். பிறகு வேறோர் இடத்தில், காஸா சுசானா என்ற பெயரில். 1959 முதல் 1968 வரை அதன் காலம். வார இறுதியில் கார்கள் மலையேறும். கோட்டும் டையும் அணிந்த குடும்பத் தலைவர்கள் இறங்குவார்கள். சற்று நேரத்தில் முத்துமாலையும் கைப்பையுமாகப் பெண்கள் வெளியே வருவார்கள். சிலருடைய மனைவியரும் உடன் வந்ததுண்டு.

அங்கே எடுத்த படங்கள் எப்படிப்பட்டவை? கவர்ச்சிப் படங்களை எதிர்பார்த்து வருபவர் ஏமாந்துபோவார். ஒருவர் பாத்திரம் கழுவுகிறார். ஒருவர் பின்னல் போடுகிறார். நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஸ்கிராபிள் ஆடுகிறார்கள். ஒருவர் புல்வெளியில் நின்று மற்றொருவரைப் படம் எடுக்கிறார். அண்டை வீட்டு அம்மாளைப்போல இருப்பதுதான் அவர்களின் கனவு. அந்தக் கனவைத்தான் படம் பிடித்தார்கள். அந்த எளிமையே அந்தப் படங்களின் அழகு. புகழ்பெற்ற கலைஞர்கள் எடுத்த பல படங்களைவிட அவை உயர்ந்தவை என்று தயங்காமல் சொல்லலாம். ஏனென்றால் அங்கே நிற்பவரும் எடுப்பவரும் பார்ப்பவரும் ஒருவர்மீது ஒருவர் நம்பிக்கை வைத்திருந்தார்கள்.

ஆனால் படச்சுருளை யாரிடம் கழுவக் கொடுப்பது? கடை லேபில் கொடுத்தால் ஊருக்குத் தெரியும், போலீசுக்கும் தெரியலாம். நியூயார்க் மாநிலத்தில் 1845இல் இயற்றிய மாறுவேடத் தடைச் சட்டம் இருந்தது. அதே மலைவட்டாரத்தில் குத்தகைக் கொடுமையை எதிர்த்து, பூப்போட்ட அங்கி அணிந்து முகமூடியிட்டுப் போராடிய விவசாயிகளை அடக்கப் போட்ட சட்டம் அது. நூறாண்டு கழித்து, எதிர்பாலின உடை அணிந்தவர்களைத் தெருவில் பிடிக்க அதையே போலீசார் பயன்படுத்தினார்கள். இந்த அச்சத்துக்கு இரண்டு விடைகள் கிடைத்தன. ஒன்று, நம்பிக்கையான ஒரு தோழியே படம் எடுப்பது. அந்தக் கூட்டத்தில் ஆண்ட்ரியா சூசன் என்ற பெயரில் அறியப்பட்டவர் அப்படி எடுத்தவர். மற்றொன்று, 1948இல் விற்பனைக்கு வந்த போலராய்டு கேமரா. அழுத்தியதும் படம் கையில் வரும். இருட்டறை வேண்டாம், லேப் வேண்டாம், அந்நியர் கண் படாது. பயன்படுத்தக்கூடிய நெகட்டிவும் பெரும்பாலும் மிஞ்சாது. அன்று அது பாதுகாப்பு. நாற்பது ஆண்டு கழித்து, நகல் இல்லாத ஒற்றைப் படம் என்பதே அதன் மதிப்பைக் கூட்டியது.

விடுதி மூடியது. ஆல்பங்கள் சிதறின. பல ஆண்டுகளுக்குப் பிறகு, மன்ஹாட்டனின் பழம்பொருள் சந்தை ஒன்றில் ராபர்ட் ஸ்வோப் என்ற வணிகர் ஒரு பெட்டி நிறைய இந்தப் படங்களைக் கண்டெடுத்தார். படங்களில் இருப்பவர்கள் யார் என்று அவருக்குத் தெரியாது. 2005இல் அவரும் மிஷேல் ஹர்ஸ்டும் அவற்றை நூலாக வெளியிட்டார்கள். நூல் வந்தபின் விஷயம் வெளிச்சமாயிற்று. அந்த விடுதிக்கு வந்து போனவர்களில் சிலர் உயிரோடு இருந்தார்கள். 2014இல் ஹார்வி ஃபியர்ஸ்டீன் அந்த விடுதியை வைத்து ஒரு நாடகம் எழுதினார். 2015இல் கனடாவின் ஒன்டாரியோ கலைக்கூடம் 340 படங்களை வாங்கியது. தம்மையே பல வேடங்களில் படமெடுத்துப் புகழ்பெற்ற சிண்டி ஷெர்மனிடமும் ஒரு பகுதி சேர்ந்தது. 2022இல் செபாஸ்டியன் லிஃப்ஷிட்ஸ் ஆவணப்படம் எடுத்தார். 2023இல் பிரான்ஸின் ஆர்ல் புகைப்பட விழாவில் படங்கள் சுவரேறின. யாருக்கும் தெரியக்கூடாது என்று எடுத்த படங்கள், எல்லோரும் பார்க்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தன.

இது சரியா? ஒரு பக்கம், அந்தப் பெட்டி குப்பைக்குப் போயிருந்தால் ஒரு சமூகத்தின் நினைவே அழிந்திருக்கும். மறுபக்கம், அந்த முகங்களுக்கு உரியவர்களிடம் யாரும் கேட்கவில்லை. முதலில் வந்த நூல் படங்களை மட்டும் காட்டியது. பின்னால் வந்த ஆய்வாளர்கள் எஞ்சியிருந்தவர்களைத் தேடிப் போய்ப் பேசினார்கள்; அவர்களின் சொற்களைப் படங்களோடு சேர்த்தார்கள். அவர்கள் தேர்ந்துகொண்ட பெண் பெயர்களையே படக்குறிப்பில் இட்டார்கள். தாமதமாக வந்தாலும் சரியான வேலை அது.

நின்றவர் பெயரில்லாமல் விற்றதற்கு இன்னும் பெரிய சான்று உண்டு. 1974இல் லூசியானோ அன்செல்மினோ என்ற இத்தாலியக் கலை வணிகர், பெண் வேடமிடும் ஆண்களை ஓவியத் தொடராக வரைந்துதருமாறு ஆண்டி வார்ஹாலைக் கேட்டார். வார்ஹாலின் உதவியாளர்கள் நியூயார்க்கின் ‘கில்டெட் கிரேப்’ என்ற மதுக்கூடத்திலும் பிற இடங்களிலும் ஆட்களைத் தேடினார்கள். வந்தவர்கள் 14 பேர். ஏறக்குறைய எல்லோரும் கறுப்பினத்தவர் அல்லது லத்தீன் அமெரிக்கர். வார்ஹால் எடுத்த போலராய்டு படங்கள் 500க்கும் மேல். ஒருவருக்குக் கூலி 50 டாலர். அந்தப் போலராய்டுகளைப் பெரிதாக்கி 200க்கும் மேற்பட்ட ஓவியங்கள் செய்தார். 1975இல் இத்தாலியின் ஃபெராரா நகரில் ‘லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்’ என்ற தலைப்பில் அவை கண்காட்சிக்கு வந்தபோது, நின்றவர்களில் ஒருவர் பெயரும் சொல்லப்படவில்லை. அவர்களில் ஒருவர் மார்ஷா பி. ஜான்சன், நியூயார்க்கில் போலீசாரை எதிர்த்து எழுந்த 1969 ஸ்டோன்வால் கிளர்ச்சியோடு வரலாற்றில் இடம்பெற்றவர். அதிக ஓவியங்களில் இருப்பவர் வில்ஹெல்மினா ராஸ். நடிகையரின் படங்களை வார்ஹால் விற்றபோது மர்லின் என்றும் லிஸ் என்றும் பெயர் சொல்லித்தான் விற்றார். இவர்களுக்கு மட்டும் பெயர் எதற்கு என்று விட்டுவிட்டார். பெரும்பாலோரின் பெயர்கள் ஆய்வாளர்கள் உழைப்பால் நாற்பதாண்டுக்குப் பிறகே அச்சேறின.

இதற்கு நேர் எதிராக நின்றவர் சுவீடன் நாட்டுப் புகைப்படக்காரர் கிறிஸ்டர் ஸ்ட்ரோம்ஹோம். பாரிஸில் பிளாஸ் பிளான்ஷ் பகுதியில், 1950களின் இறுதியிலிருந்து, அறுவை சிகிச்சைக்குப் பணம் சேர்க்க இரவில் உழைத்த திருநங்கையர் நடுவே, அவர்கள் தங்கிய மலிவு விடுதியிலேயே தங்கினார். அவர் நூலின் தலைப்பே அவர்களைத் தோழியர் என்று அழைக்கிறது. அது 1983இல்தான் வெளிவந்தது. நான் கோல்டின் 1970களின் தொடக்கத்தில் பாஸ்டனில் பெண் வேடமிடும் நண்பர்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்து எடுத்த படங்களும், பின்னால் எடுத்தவையும் சேர்ந்து 1993இல் நூலாயின. இரண்டு இடத்திலும் எடுத்தவர் விருந்தாளி அல்லர், உடன் வாழ்ந்தவர். படத்தைப் பார்த்தாலே அது தெரியும்.

மூன்றாவது வழியும் உண்டு. நிற்பவரே எடுப்பவர், எடுப்பவரே விற்பவர். ஜப்பானின் யாசுமாசா மொரிமுரா மேலைநாட்டு ஓவியங்களிலும் திரைப்படங்களிலும் வரும் பெண்களாகத் தாமே வேடமிட்டுப் படம் எடுத்தார். மத்திய ஆப்பிரிக்காவின் பாங்கி நகரில் ஸ்டூடியோ வைத்திருந்த சாமுவேல் ஃபாசோ, 1997இல் எடுத்த தொடரில் எழுபதுகளின் அமெரிக்கப் பெண்ணாக நின்றார். அமெரிக்காவின் கேத்தரின் ஓபி 1991இல் தோழியர் பலரை ஒட்டு மீசையும் தாடியும் வைத்து மஞ்சள் பின்னணியில் படம் எடுத்தார். அந்த வரிசையில் தாமும் ஒருவராக நின்றார். ஒவ்வொரு படத்துக்கும் அவரவர் பட்டப்பெயர் பொறித்த தகட்டைச் சட்டத்தில் பதித்தார். இங்கெல்லாம் பெயர் மறைவதில்லை.

இன்றைய சந்தை எப்படி இயங்குகிறது? கலைக்கூடத்தில் விற்கும் படத்துக்குப் பதிப்பு எண்ணிக்கை உண்டு. ஒரு நெகட்டிவிலிருந்து ஐந்தோ பத்தோ பிரதிகள்தான் போடப்படும் என்று வாங்குபவருக்கு உறுதி தரப்படும். பிரதிகள் தீரத் தீர மிச்சமுள்ளவற்றின் விலை ஏறும். கையெழுத்து, எண், சான்றிதழ் எல்லாம் அந்த உறுதியின் அடையாளங்கள். விற்ற பணத்தில் வழக்கமாகப் பாதி கலைக்கூடத்துக்கு, பாதி படம் எடுத்தவருக்கு. நின்றவருக்கு எந்தப் பங்கும் வழக்கத்தில் இல்லை. பழம்படச் சந்தை வேறு மாதிரி. அங்கே எடுத்தவர் பெயரும் தெரியாது, நின்றவர் பெயரும் தெரியாது. தேதி, தாள், நிலைமை இவற்றைப் பார்த்து விலை. காஸா சுசானா ஆவணப்படம் எடுத்த லிஃப்ஷிட்ஸ் இத்தகைய பெயரறியாப் படங்களைப் பழம்பொருள் கடைகளில் பல ஆண்டுகள் சேகரித்தவர். அவற்றை 2016இல் ஆர்லிலும் 2018இல் லண்டனிலும் பார்வைக்கு வைத்தார்.

வாங்குவோர் யார்? சேகரிப்பாளர்கள், அருங்காட்சியகங்கள், நாடக வரலாறு படிப்பவர்கள், தம்மைப்போல் முன்பும் ஒருவர் இருந்தார் என்று காண விரும்பும் எதிர்பாலின உடை அணிவோர். காமத்துக்காக வாங்குவோரும் உண்டு. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. தம் படம் எந்தக் கண்ணுக்குப் போகப்போகிறது என்று தெரிந்துகொண்டு சம்மதிக்கும் உரிமை நிற்பவருக்கு வேண்டும் என்பது அதனால்தான்.

சட்டம் அந்த உரிமையை எவ்வளவு காக்கிறது? நியூயார்க்கில் ஒரு வழக்கு நடந்தது. பிலிப் லோர்கா டிகோர்சியா என்பவர் டைம்ஸ் சதுக்கத்தில் வழிப்போக்கர்களை அவர்கள் அறியாமல் படம் எடுத்து, 10 பிரதிகளாக, ஒவ்வொன்றும் 20,000 முதல் 30,000 டாலர் வரை விற்றார். படத்தில் இருந்த ஒருவர், தம் சமய நம்பிக்கைக்கு எதிரானது என்று வழக்குத் தொடுத்தார். அது கலை, வெறும் வணிகம் அல்ல என்று சொல்லி 2006இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. வழிப்போக்கருக்கே இந்த நிலை என்றால், முகம் வெளியானால் வேலையும் குடும்பமும் போகக்கூடிய ஒருவரின் நிலை என்ன? சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காகச் செய்யத்தக்கதாகிவிடுமா?

புகைப்படக்காரர் தயானிதா சிங் அந்தக் கேள்விக்குத் தம் செயலால் விடை தந்தார். 1989இல் லண்டன் நாளிதழ் ஒன்றுக்காக டில்லியில் மோனா அகமது என்ற ஹிஜ்ராவை (வட இந்தியாவில் திருநங்கையர் சமூகத்தைக் குறிக்கும் சொல் அது) படம் எடுக்கப் போனார். படம் எடுத்து முடிந்தபின், தமக்கு லண்டனில் உறவினர் உண்டு, படம் அங்கே வரக்கூடாது என்று மோனா சொன்னார். தயானிதா படச்சுருளை அவரிடமே கொடுத்துவிட்டார். அந்தச் செயலிலிருந்து பிறந்த நட்பு 2017இல் மோனா இறக்கும்வரை நீடித்தது. 2001இல் வெளிவந்த ‘மைசெல்ஃப் மோனா அகமது’ நூலில் படங்கள் தயானிதாவுடையவை, சொற்கள் மோனாவுடையவை. ஒரு நாளிதழ்ப் படத்தை விட்டுக்கொடுத்ததால் ஒரு நூலே கிடைத்தது. திருநங்கையர் திரளும் சித்திரைத் திருவிழாவில் கூவாகம் சென்று, உடை மாற்றும் இடம்வரை கேமராவை நீட்டுவோர் அந்த நூலை ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும்.

நேர்மையாக இந்த வணிகம் செய்ய நினைப்பவர் எழுத்தில் ஒப்பந்தம் போடுகிறார். படம் எங்கெங்கே போகும்: கண்காட்சிக்கா, நூலுக்கா, இணையத்துக்கா? எத்தனை பிரதி? எந்தப் பெயர் போடுவது? எந்த ஊரில் காட்டக்கூடாது? விற்றால் நின்றவருக்கு எத்தனை பங்கு? இணையத்தில் ஏறிய படம் எந்த ஊரோடும் நிற்காது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். மனம் மாறினால் இனிப் புதுப்பிரதி போடுவதில்லை என்ற விதியும் சேர்க்கலாம். விற்றுப்போனதைத் திரும்பப் பெற முடியாது. ஆனால் போடாததை நிறுத்த முடியும்.

இந்தியாவில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இந்த இடத்தில் நிற்பவருக்குக் கைகொடுக்கிறது. பொதுவாகப் படம் எடுத்தவரே அதன் முதல் உரிமையாளர். ஆனால் ஒருவர் பணம் கொடுத்து, தாம் கேட்டபடி ஒரு படத்தை எடுத்துத்தரச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். சென்னையிலோ மதுரையிலோ ஒருவர் பட்டுச்சேலை உடுத்தி, ஸ்டூடியோவுக்குப் பணம் கட்டித் தம்மைப் படம் எடுத்துக்கொண்டால், அந்தப் படத்தின் உரிமை அவருடையது. அதை நகலெடுக்கவோ விற்கவோ ஸ்டூடியோக்காரர் அவரிடம்தான் அனுமதி கேட்க வேண்டும்.